வெயில் படக்கூடாது

ஸ்கூட்டியின் சீற்றுக்குக் கீழே
கடன் அட்டைகள், ரசீதுப் புத்தகம்,
நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்க் களிம்பு.
ஆறு கிழமைக்குக் கழுத்தில்
வெயில் படக்கூடாது என்றார் டொக்டர்.
பரந்தனிலிருந்து உடையார்கட்டுவரை
எந்த மரத்தின் கீழால் போவதென்று
அவர் சொல்லவில்லை.

கழலைதான். வேறொன்றுமில்லை.
யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில்
இரண்டாயிரத்துப் பதினேழில் வெட்டினார்கள்.
கடைசிச் சண்டைக்கு நான் ஊரிலேயே இல்லை,
வவுனியாவில் மாமி வீட்டில்
சாதாரணதரம் படித்துக்கொண்டிருந்தேன்.
முழங்காலில் சைக்கிள் விழுந்த அடையாளம்,
அவ்வளவுதான் என் உடம்பு.

ஆனால் கேற்றடியில் ஹெல்மெட்டைக் கழற்றினால்
எல்லாரும் முதலில் பார்ப்பது கழுத்தை.
"எதிலை பட்டது பிள்ளை?
இரணைப்பாலையிலோ, மாத்தளனிலோ?"
கேட்டபடியே கதிரையை இழுத்துப் போடுவார்கள்.
தேத்தண்ணி வரும்.
போன கிழமை இல்லாத காசு
சீனிப் பேணிக்குள்ளிருந்து வரும்.

நான் ஒருநாளும் பொய் சொல்லவில்லை.
குனிந்து ரசீது எழுதுவேன்.

காசு வராத ஊர்களுக்கெல்லாம்
மனேச்சர் என்னைத்தான் அனுப்பினார்.
அந்தக் கோட்டுக்கும் சம்பளம் போட்டிருக்கலாம்.
ஒரு இரவு கண்ணாடியில் பார்த்தேன்,
அது என்னைவிடக் கெட்டிக்காரி மாதிரி இருந்தது.
அழிக்க வேணும் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.
கலியாணத்துக்காக என்று அம்மாவுக்குச் சொன்னேன்.
அது பொய்.

வெள்ளவத்தை, இரண்டாம் மாடி.
லேசர் எனக்கு வெளிச்சமாய்த் தெரியவில்லை.
கண்ணை மூடிக் கட்டியிருந்தார்கள்.
எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கும் சத்தம்,
சொந்தத் தோல் பொசுங்கும் மணம்.
முதல் தடவை சிவந்தது, ஆறியது.
இரண்டாம் தடவை கொப்புளம்.
மூன்றாம் தடவை சீழும் காய்ச்சலும்.
பக்கு உதிர்ந்த பிறகு
மெல்லிய வெள்ளைக் கோடு கிடந்த இடத்தில்
இரண்டு விரல் அகலக் கறுப்பு.
கிட்டப் பார்த்தால் சதுரம் சதுரமாய்ப் புள்ளிகள்,
கணக்குக் கொப்பித் தாள் மாதிரி.

"உங்கட நிறத்துக்கு
சக்தியைக் குறைச்சிருக்க வேணும்"
என்றார் இன்னொரு டொக்டர்.
நிறம் முதல்நாளும் இதுதானே.
ஹெல்மெட் பட்டி உரசும் இடத்தில்
தழும்பு தடித்து எழும்புகிறது.
இரவில் கடிக்கிறது.

ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
வேறொரு கம்பனியில் எடுத்தது.
வியாழக்கிழமைகளில்
என் கேற்றடிக்கும் ஒருத்தன் வருகிறான்.

இப்போது எதில் பட்டதென்று ஒருவரும் கேட்பதில்லை.
பார்த்தவுடனே தெரிகிறதாம்.
எரிகுண்டு என்று
தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள்.

புனிதமலர் மட்டும் கிட்ட வந்து பார்த்தாள்.
அவளுக்கும் என் வயதுதான்.
இடக்கை முழங்கையோடு முடிகிறது.
தாள்களைத் தொடையில் வைத்து எண்ணியபடி சொன்னாள்:
"முந்தி இருந்தது ஆஸ்பத்திரிக் கோடு.
ஆறுதலாய் வெட்டி, நேராய்த் தைச்சது.
எங்களுக்கு அப்பிடி ஆர் தைச்சவை?
எனக்கு அண்டைக்கே தெரியும்."

அண்டைக்கே.
அப்படியென்றால் நாற்பத்தொரு கிழமையும்
நான் குடித்த தேத்தண்ணி?

"இது என்ன?"
லேசர் என்றேன்.
"எவ்வளவு?"
சொன்னேன்.
சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள்.
பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு,
"இருநூறு குறையுது. வாற கிழமை தரட்டோ?"

என் பேர்ஸிலிருந்து இருநூறை எடுத்து வைத்து
முழுத்தொகைக்கும் ரசீது எழுதினேன்.
குனியாமல் எழுதியதில்
எழுத்து கோணிப் போனது.

வெளியே பன்னிரண்டரை வெயில்.
பட்டியைப் பூட்டாமல்
ஸ்கூட்டியை எடுத்தேன்.
விசுவமடுச் சந்தியில்
பொலிஸ் மறித்தான்.
கழுத்தைப் பார்த்தான்.
போகச் சொன்னான்.